மூக்கில் பூசிய மை

அத்தியாயம் 11

காகிதம் வந்து ஆறு நாளாகிவிட்டது. அதை எத்தனை முறை படித்திருப்பாள் என்று கனாயேவுக்கே கணக்கில்லை. மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழியத் தொடங்கியிருந்தது.

ஹிரோசாகியில் இருக்கிற கால்நடை டாக்டரம்மா, ஹயாத்தேயின் உதட்டில் கடுகளவு தோலை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பி வாங்கித் தந்த முடிவு அது. மருந்து பட்ட புண் இல்லை, வெந்த காயமும் இல்லை. உடம்பே தன் தோலின் கறுப்பையும் கண்ணின் உட்புறத்தையும் பகையாக நினைத்துத் தின்கிற நோய். அகிடா நாய்களுக்கு அதிகம் வருவது. வம்சத்தில் ஓடக்கூடியது. அவ்வளவுதான் அதில் இருந்தது.

அந்த நாலு வரிக்காக இரண்டு வருடம் அவள் தலைகுனிந்து நடந்திருக்கிறாள்.

இரண்டு வருடத்துக்கு முன் இதே மே மாதம், இதே ஓதாத்தே ஊர்ப் பூங்காவில், நாய்க் கண்காட்சிக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் அவள் கணவனின் அண்ணன் தகேசோ சொன்னார்: "பிளீச்சிங் தண்ணிய ஊத்திக் கழுவிக் கழுவியே நாய் மூக்கை வேக வச்சுட்டா. கண்ணும் போச்சு. என் தம்பி உயிரோட இருந்திருந்தா இந்தக் கூத்து நடக்குமா?"

ஊர் நம்பியது. போகட்டும், ஊர் எதைத்தான் நம்பாது? மகள் மினோரி நம்பினாளே, அதுதான் கனாயேவின் நெஞ்சில் முள்ளாக நின்றது. ஹயாத்தே மினோரியின் நாய். குட்டியாக இருந்தபோது அவள் போர்வைக்குள் தூங்கிய நாய். அது சுவரில் முட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்த வாரம், இருபத்திரண்டு வயது மகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெரியப்பாவின் நாய்ப்பண்ணைக்கே வேலைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து தாய்க்கும் மகளுக்கும் பேச்சு இல்லை.

இன்று கண்காட்சி. கனாயே விடிந்ததும் ஹயாத்தேயின் வெளுத்த மூக்கில் எண்ணெய் தடவினாள். அது அவள் மணிக்கட்டை மோந்து, நக்கி, திருப்தியாகப் படுத்துக்கொண்டது.

"இன்னிக்கு உன் கணக்கையும் தீர்த்துட்டு வரேன்டா கண்ணு" என்றாள் அதனிடம்.

காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்தாள். நேரே மேடைக்குப் போய் ஒலிபெருக்கியைப் பிடுங்கி, நாலு வரியையும் உரக்கப் படித்து, தகேசோவைக் குனிந்து மன்னிப்புக் கேட்க வைப்பது. இதுதான் அவள் திட்டம். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு ஹதாஹதாக் கருவாட்டையும் ஒரு சோற்றுருண்டையையும் பொட்டலம் கட்டிக்கொண்டாள். அந்தக் கருவாடுதான் அன்று அவள் திட்டத்தையே மாற்றப்போகிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

* * *

பூங்காவில் செர்ரிப் பூ முக்கால்வாசி உதிர்ந்துவிட்டது. மிசோ தடவிச் சுட்ட சோற்றுக் குச்சிகளின் வாசனை. கயிறு கட்டிய வட்டங்களில் செந்நிறமும் வெள்ளையும் புலிக்கோடுமாக அகிடா நாய்கள், சுருட்டிய வாலை முதுகில் வைத்துக்கொண்டு கல்லில் செதுக்கியதுபோல் நின்றன.

தகேசோ புதுக் கோட்டில் இருந்தார். பக்கத்தில் தோக்கியோவிலிருந்து வந்த கணவன் மனைவி. அவருடைய செந்நிற நாய் தென்ரியூவுக்குப் பிறக்கப்போகும் குட்டிக்கு முன்பதிவு செய்ய வந்தவர்கள். இந்த வருடம் தென்ரியூதான் முதல் என்று ஊரே பேசிக்கொண்டது.

"அடடே, யாரு வராங்க பாருங்க" என்றார் தகேசோ. "கனாயே, இந்தப் பக்கம் வரும்போது கைய கழுவிட்டு வந்தியாம்மா? உன் கை பட்டா இங்க இருக்கிற நாயெல்லாம் வெளுத்துடும்."

தோக்கியோக்காரர்கள் என்ன ஏதென்று தெரியாமல் சிரித்தார்கள்.

"வணக்கம் பெரியத்தான்" என்று கனாயே இடுப்பை வளைத்துக் கும்பிட்டாள். "உங்க வாய் இன்னும் நல்லா இருக்கு. அது போதும்."

நிமிரும்போதுதான் தென்ரியூவின் மூக்கைப் பார்த்தாள்.

கறுப்பு. நல்ல கறுப்பு. ஆனால் பளபளப்பு இல்லை. நாய் மூக்கு என்றால் ஈரத்தில் மின்ன வேண்டும். இது அடுப்புக்கரி மாதிரி மங்கலாக இருந்தது. ஓரத்தில், மயிர் தொடங்கும் இடத்தில், ஒரு கோடு கொஞ்சம் வழிந்திருந்தது. மை. தூரிகை எழுத்துக்கு உரைக்கிற மைதான். எப்படி அவளுக்கு உடனே தெரிந்தது என்று இப்போதைக்குக் கேட்காதீர்கள்.

அவள் பார்வை மேலே ஏறியது. நாய் வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டது. கண்ணோரம் நீர் கோத்திருந்தது. வெள்ளைப் பகுதியில் சிவப்பு நரம்பு. இமை விளிம்பில் ஓர் அரிசி நீளத்துக்கு இளஞ்சிவப்பு.

ஹயாத்தேக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டும் ஒரே தகப்பன் வழி, தகேசோவின் கிழட்டுப் பொலிநாய் வழி. அந்தக் கிழட்டு நாய் திடீரென்று ஒருநாள் 'மலைக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரன் வீட்டுக்கு' அனுப்பப்பட்டு மறுபடி யார் கண்ணிலும் படவில்லை. அதற்கும் இதே நோய் வந்திருக்கும். அப்படியானால் இந்த மனுஷனுக்கு அப்போதே தெரியும். தெரிந்தே பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், இவர் ஒரு நாயின் மூக்கையே மையில் மறைத்திருக்கிறார்.

அவள் கூடாரத்துக்குப் பின்னால் போய் டாக்டரம்மாவைப் போனில் பிடித்தாள்.

"கண்ணு சிவந்தாச்சா? இன்னிக்கே கொண்டு வா" என்றார் டாக்டரம்மா. "நாலு மணி வரைக்கும் இருப்பேன். அப்புறம் லீவுக்கு ஊருக்குப் போறேன், ஏழாம் தேதிதான் திரும்புவேன். அதுவரைக்கும் விட்டா பார்வைக்கு என்னால உத்தரவாதம் சொல்ல முடியாது. உன் நாய்க்கு ஆனதுதான், தெரியுமில்ல?"

தெரியும். மணி பன்னிரண்டு பத்து. ஹிரோசாகிக்கு ஒரு மணி நேரம்.

அந்த நிமிடமே நாயை இழுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். தகேசோ விட்டிருக்க மாட்டார், அது வேறு. ஆனால் கனாயே முயற்சிகூடச் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தென்ரியூவின் முறை ஒன்றரைக்கு. ஒன்றரை மணி நேரம் தாங்காதா என்று அவள் மனம் கணக்குப் போட்டது. பழி என்று வந்துவிட்டால் கண்ணாவது காதாவது.

* * *

தண்ணீர்க் குழாயடியில் மினோரி நின்றிருந்தாள். வட்டத்தில் நாயின் கயிறு பிடிப்பவர்கள் போடும் வெள்ளைக் கையுறையைக் கழற்றிவிட்டு நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் கறுப்பு.

கனாயே அதைப் பார்த்தாள்.

"நீயா தடவினே?"

இரண்டு வருடத்துக்குப் பிறகு மகளிடம் சொன்ன முதல் வார்த்தை.

மினோரி கையை மறைத்தாள். "பனி மூக்கும்மா. எல்லா நாய்க்கும் தான் பனிக்காலத்துல வெளுக்கும். இந்த வருஷம் கறுக்க நேரமாயிடுச்சு. கொஞ்சம் தொட்டு விடுன்னு பெரியப்பா சொன்னாரு. அவருக்குக் கை நடுங்குது."

"கை நடுங்குதா அந்த ஆளுக்கு! மாட்டினா உன் தலைன்னுதான் உன்னைத் தடவச் சொல்லியிருக்காரு. மையடிச்ச நாயோட வட்டத்துக்குள்ள போனா, கயிறு பிடிச்சவங்க பேரைத்தான் சங்கத்துல அடிப்பாங்க. ஆயுசுக்கும் நீ வட்டத்துல கயிறு பிடிக்க முடியாது. தெரியுமா உனக்கு?"

"உனக்கு எப்பவும் அவரைக் குத்தம் சொல்லணும்."

"பனி மூக்கு மூக்கோட நிக்கும்டி. உதட்டைத் தொடாது, இமையைத் தொடாது. அதோட இமையப் பாத்தியா நீ?"

மினோரி குழாயைத் திருகி மூடினாள். பார்த்திருக்கிறாள் என்று கனாயேவுக்குப் புரிந்தது. காகிதத்தை எடுத்து நீட்டினாள். மகள் அதை வாங்கவில்லை.

"காலையிலிருந்து அதுக்குத் தண்ணி காட்டினாரா?"

"நக்கினா மை போயிடும்னு..." என்று ஆரம்பித்து, மினோரி நிறுத்திக்கொண்டாள். கையுறையை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டாள்.

கனாயே அங்கேயே நின்றாள். மேடையேறிப் படிக்கிற திட்டம் செத்துவிட்டது. இப்போது வாயைத் திறந்தால் வெட்டு மகள் கழுத்தில் விழும். தகேசோ அப்படித்தான் கட்டிவைத்திருக்கிறார். குடம் குடமாகப் பாலை ஊற்றினாலும் இந்தப் பாம்பின் விஷம் குறையாது என்று பல்லைக் கடித்தாள்.

நக்கினால் மை போய்விடும்.

கை தானாகவே பொட்டலத்தைத் தொட்டது. கருவாட்டின் வாசனை தாளைத் தாண்டி வந்தது.

கருவாடு தயார். இனி கயிறு மட்டும் கை மாற வேண்டும்.

* * *

ஒன்றேகாலுக்கு அவள் மறுபடி தகேசோவின் முன்னால் போய் நின்றாள். இந்த முறை முகத்தில் தேன் வழிந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்" என்றாள் தோக்கியோ அம்மாளிடம். "நீங்க ரொம்பக் குடுத்து வச்சவங்க. இந்த வம்சத்து நாய் லேசுல கிடைக்காது. எங்க மாமனார் எழுபத்தெட்டு வயசுல, கைத்தடியக் கீழ போட்டுட்டு, தானே கயிறு பிடிச்சு வட்டத்துல நிப்பாரு. நாயும் அசையாது, அவரும் அசைய மாட்டாரு."

"அப்படியா!" என்றாள் அந்த அம்மாள்.

"ம். இப்பதான் பாவம், பெரியத்தானுக்கு முழங்கால் முடியல. அறுபத்தோரு வயசுதான் ஆகுது. என்ன பண்றது, சின்னப் பொண்ணு பிடிச்சாத்தான் அவர் நாய் நிக்குது. நாய்க்கும் யார் எஜமான்னு தெரியணுமில்ல?"

தகேசோவின் காது சிவந்தது. "யாருக்கு முழங்கால் முடியல?"

"ஐயோ, நான் தப்பா ஒண்ணும் சொல்லல பெரியத்தான். வயசுன்னா எல்லாருக்கும் தான்."

"நீங்களே பிடிச்சா ஒரு போட்டோ எடுத்துக்கலாமே" என்றார் தோக்கியோக்காரர், கேமராவைத் தூக்கிக்கொண்டு. "எங்க வீட்டுக் கூடத்துல மாட்டிடுவோம்."

தகேசோ ஒரு கணம் தயங்கினார். பிறகு வறட்டு கௌரவம் வென்றது. வரிசையில் நின்றிருந்த மினோரியின் கையிலிருந்து கயிற்றைப் பிடுங்கினார், அவள் கைப்பட்டையிலிருந்த போட்டி எண் அட்டையையும் கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டார்.

"பெரியப்பா, நான்..."

"தள்ளும்மா. இது என் நாய்."

கனாயே திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்ததில் இரத்தம் கசிந்தது. கெடுவான் கேடு நினைப்பான் என்று யார் சொன்னார்களோ, அவர்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

* * *

தீர்ப்பாளர் ஒல்லியான கிழவர். தொப்பியும் சாம்பல் கோட்டும். நாயைச் சுற்றி மூன்று முறை நடந்தார். காது, மார்பு, வால். தலையை அசைத்துக்கொண்டார். தகேசோவின் முழங்கால் லேசாக நடுங்கியது, ஆனால் மார்பு நிமிர்ந்தே இருந்தது.

கனாயே கயிற்று வேலியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். காற்று அவள் முதுகிலிருந்து வட்டத்துக்குள் அடித்தது. பொட்டலத்தைப் பிரித்து, மடியில் வைத்து, ஒரு கருவாட்டை மெதுவாக இரண்டாகக் கிழித்தாள். யார் கேட்கப் போகிறார்கள்? மதியம் சாப்பிடாத பெண்பிள்ளை கருவாடு தின்கிறாள்.

தென்ரியூவின் மூக்கு அசைந்தது. காலையிலிருந்து பட்டினி, தாகம். தலை அவள் பக்கம் ஓர் அங்குலம் திரும்பியது. நாக்கு வெளியே வந்து மூக்கைச் சுற்றி ஒரு நக்கு. இன்னொரு நக்கு. இன்னொன்று.

"வாயைக் காட்டுங்க" என்றார் தீர்ப்பாளர். பல் பார்ப்பது முறை.

தகேசோ இரண்டு கையாலும் நாயின் வாயைப் பிளந்தார். உள்ளே நாக்கு கன்னங்கரேலென்று இருந்தது.

தீர்ப்பாளர் கோட்டுப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். நாயின் மூக்கை ஒருமுறை அழுத்தித் துடைத்து, குட்டையை விரித்துப் பார்த்தார். பிறகு அதைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

வெள்ளையில் கறுப்பு. நாயின் முகத்தில் தோலுரிந்த இளஞ்சிவப்பு மூக்கு. உதட்டோரமும் அதே நிறம்.

"இது யார் வேலை, தகேசோ?"

தகேசோவின் கண் இங்கும் அங்கும் ஓடியது. மினோரியின் மேல் போய் நின்றது.

"என் தம்பி மக. எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்தப் பொண்ணுதான் தடவியிருக்கா."

மினோரி கையுறை போட்ட கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"கயிறு உங்க கையிலதானே இருக்கு?" என்றார் தீர்ப்பாளர். "எண்ணும் உங்க கையில. விதி உங்களுக்குத் தெரியும்."

அப்போதுதான் கனாயே எழுந்தாள். வேலிக் கயிற்றைத் தூக்கி வட்டத்துக்குள் வந்தாள். யாரும் தடுக்கவில்லை.

"பெரியத்தான், ஒரே ஒரு கேள்வி. ரெண்டு வருஷம் முன்னாடி இதே மண்ணுல நின்னு என்ன சொன்னீங்க? நான் பிளீச்சிங் ஊத்தினேன், மூக்கு வெந்துச்சு, கண்ணு போச்சுன்னு சொன்னீங்க. இந்த நாய் ஒரு நாளாவது என் வாசப்படி மிதிச்சிருக்கா? இதுக்கு நான் எந்தத் தண்ணிய ஊத்தினேன்? சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

தகேசோ கோட்டுப் பொத்தானைத் திருகினார்.

"உங்க வாயால ஊரைச் சிரிக்க வச்சீங்களே, அந்த வாய் எங்க போச்சு இப்ப?"

தோக்கியோக்காரர் கேமராவை மெல்ல மூடினார். இரண்டு வருடமாக இந்தக் காட்சியைக் கனாயே எத்தனை இரவு மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறாள்! நினைத்ததைவிட இனித்தது. வெட்கமில்லாமல் இனித்தது.

மினோரி வட்டத்துக்குள் வந்தாள். பெரியப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. மண்டியிட்டு, தென்ரியூவின் இமையை விரலால் விலக்கிப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது.

"ஹயாத்தே மாதிரியே..." என்றாள்.

எழுந்து கயிற்றைப் பிடித்தாள்.

"விடு. என் நாய் அது" என்றார் தகேசோ.

"தடவினது என் கைதானே பெரியப்பா? ஊர் கேக்கச் சொன்னீங்க. நாயும் இனி இந்தக் கையோடதான் வரும்."

* * *

சங்கத்துக்காரர்கள் நடுவில் வந்து தகேசோவின் பிடியிலிருந்து கயிற்றை விடுவிக்க ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. சின்ன லாரியின் முன் இருக்கையில் மூவர். கனாயே ஸ்டியரிங்கில், மினோரி பக்கத்தில், அவள் காலடியில் தென்ரியூ. மினோரி உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கக் கொடுக்க, நாய் ஒரு பாட்டில் முழுவதையும் குடித்துத் தீர்த்தது. மணி இரண்டு ஐம்பத்தைந்து. கடவுள் புண்ணியத்தில் நாலுக்குள் போய்விடலாம்.

ஊரெல்லை தாண்டும்வரை மினோரி காகிதத்தைப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். பிறகு அதை மடித்து, அம்மாவின் முழங்கால் மேல் வைத்தாள். கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள்.

"மன்னிச்சுடும்மா" என்றாள். "உன்னைப் போய்..."

இதற்காகத்தான் எல்லாம். பழி ஒரு பக்கம் கிடக்கட்டும், இந்தக் கை திரும்பி வந்துவிட்டதே.

மலைப் பாதை தொடங்கியது. மினோரி நாயின் மூக்கைத் தடவிக்கொண்டே ஏதோ யோசித்தாள்.

"அம்மா."

"சொல்லுடி."

"தீர்ப்பாளருக்கே தெரியல. பக்கத்துல நின்ன யாருக்கும் தெரியல. நீ தூரத்திலிருந்து ஒரு தடவை பாத்தே. மைன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கனாயே சாலையைப் பார்த்தாள். பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தகேசோவின் வாயிலும் அப்படித்தான் எப்போதும் தயாராக இருக்கும்.

"ஹயாத்தேக்கு நான் தடவினேன்" என்றாள். "உங்கப்பா மைக்கல்லுல உரைச்சு, அவர் தூரிகையாலதான். கண்காட்சிக்கு மூணு வாரம் இருந்துச்சு. இமை வெளுத்ததைப் பாத்தேன். கண்ணு சிவந்ததையும் பாத்தேன். கண்காட்சி முடியட்டும், அப்புறம் டாக்டர்கிட்ட காட்டலாம்னு இருந்துட்டேன். கண்காட்சி அன்னிக்குக் காலையில அது கதவுல முட்டுச்சு."

முழங்கால் மேலிருந்த கை விலகியது.

"மூணு வாரமா?"

"மூணு வாரம்."

"இன்னிக்கு எத்தனை மணிக்குப் பாத்தே, தென்ரியூ கண்ணை?"

கனாயே கியரை மாற்றினாள். குழாயடியிலேயே அம்மா இமையைப் பற்றிக் கேட்டது மகளுக்கு நினைவு வந்தது. மினோரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள்.

"வண்டியை நிறுத்து."

"மினோரி..."

"நிறுத்தும்மா. உன்கூட இனி ஒரு அடி வர மாட்டேன்."

மணி மூன்று பதினைந்து. நாய் தலையைத் தூக்கி, சத்தம் வந்த பக்கம் பார்த்தது. பார்த்ததா, காதால் தேடியதா, தெரியவில்லை. கனாயே காலை அழுத்தினாள். வண்டி வேகமெடுத்தது.

"என்னை எப்படி வேணா திட்டு" என்றாள். "நாலு மணி வரைக்கும் நிறுத்த மட்டும் சொல்லாதே."